6 லட்ச ரூபாய் ஜெர்மன் ரைஃபிள்: மகளுக்கு இப்போதே வாங்க வேண்டுமா?

கொடுங்கையூர் தந்தை

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு 19 வயது. பள்ளியில் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தொடங்கியவள், சென்ற ஒன்றரை ஆண்டாக 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டிக்குப் பயிற்சி எடுக்கிறாள். வாரத்தில் மூன்று நாள் விடியற்காலை நாலரை மணிக்குக் கொடுங்கையூரிலிருந்து என் வண்டியில் கிளம்பி, ஆவடிக்கு அப்பால் உள்ள சுடுதளத்துக்குப் போய்விட்டு, பத்து மணிக்குள் அவளைக் கல்லூரியில் விட்டுவிட்டு நான் துறைமுக அலுவலகத்துக்கு ஓடுவது வழக்கமாகிவிட்டது.

அவள் சுடுவது மன்றத்துக்குச் சொந்தமான பழைய .22 (0.22 அங்குலக் குண்டு) போல்ட் ரைஃபிள், ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட்டை இழுத்துச் சுடும் வகை. ஜெர்மன் தயாரிப்புதான் என்றாலும் வயதில் அவளைவிட மூத்தது. அண்மையில் ஒரு விற்பனையாளர், அதே நிறுவனத்தின் இன்றைய உயர்தர மாடலை, அலுமினிய ஸ்டாக்குடன் (தோளில் தாங்கிப் பிடிக்கும் கட்டை) சேர்த்து ஏறத்தாழ 6 லட்ச ரூபாய்க்கு வரவழைத்துத் தருவதாகச் சொன்னார். "இது கைக்கு வந்தால் பத்து புள்ளியாவது கூடும்" என்பது அவர் வாக்கு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே இதே போட்டியில் வெண்கலம் வென்ற பிறகு எங்கள் மன்றத்தில் மூன்று நிலைக்கு வரும் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். அவர்களில் இரண்டு பெற்றோர் ஏற்கெனவே முன்பணம் கொடுத்துவிட்டார்கள். நான் வாங்குவதென்றால் வருங்கால வைப்பு நிதியில் கை வைத்து, மீதிக்கு நகையையும் அடகு வைக்க வேண்டும்.

நிலைக்கு 200 வீதம் மொத்தம் 600 புள்ளிக்கு அவள் இப்போது 558 முதல் 562 வரை எடுக்கிறாள். கடைசிப் போட்டியில் மண்டியிட்ட நிலையில் 189, படுத்த நிலையில் 191, நின்ற நிலையில் 178. பயிற்சியாளரைக் கேட்டால் "வாங்கினால் நல்லதுதான்" என்கிறார். அதற்கு மேல் அழுத்திச் சொல்ல மறுக்கிறார். இந்த விலைக்கு உண்மையிலேயே என்ன கிடைக்கிறது, அது என் மகளுக்கு இப்போது தேவையா என்பதை விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மூன்று நிலை

ஐயா, வணக்கம். நான் ராயபுரத்துக்காரி, சில ஆண்டுகள் மாநில அளவில் இதே போட்டியில் சுட்டிருக்கிறேன். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று எண்களிலேயே பாதி விடை இருக்கிறது என்பதால் அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

மூன்று நிலைகளில் உடல் மிகவும் அசையாமல் இருப்பது படுத்த நிலையில்தான். மண்டியிட்டு 189 எடுக்கும் ஒரு பெண், படுத்துச் சுட்டால் 195ஐத் தாண்டியிருக்க வேண்டும். உங்கள் மகளுக்கு இரண்டுக்கும் நடுவே வெறும் இரண்டு புள்ளிதான் வித்தியாசம் இருக்கிறது. அப்படியென்றால் படுத்த நிலையில் அவளிடமிருந்து எதுவோ புள்ளிகளைத் திருடுகிறது. அது ரைஃபிளாக இருக்கலாம், தோட்டாவாக இருக்கலாம், அவள் படுக்கும் முறையாகவோ காற்றாகவோ இருக்கலாம். நின்ற நிலையின் 178 வேறு கதை. அங்கே இழக்கும் 22 புள்ளியில் பெரும்பகுதி கால்களிலும் இடுப்பிலும் மூச்சிலும் இருக்கிறது. அதை எந்த நிறுவனமும் பெட்டியில் போட்டு அனுப்ப முடியாது. விற்பனையாளர் சொன்ன பத்து புள்ளி எங்கிருந்து வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: படுத்த நிலையில் ஒன்றுகூடத் தவறாமல் சுட்டாலும் கூடுவது ஒன்பதுதான்.

ரைஃபிள்தான் திருடன் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? 50 மீட்டர் இலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்; குண்டின் விட்டம் 5.6 மில்லிமீட்டர். குண்டின் விளிம்பு வளையத்தைத் தொட்டாலே பத்து கிடைக்கும் என்பதால், குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 8 மில்லிமீட்டருக்குள் விழுந்தால் போதும். ஆகவே மனிதக் கை படாமல் பூட்டி வைத்துச் சுட்டு, மையத்துக்கு மையம் 16 மில்லிமீட்டர் குரூப் (குண்டுகள் விழுந்த இடங்களின் சிதறல்) போடும் ரைஃபிளால் எல்லாவற்றையும் பத்தில் வைக்க முடியும். ஆனால் சுடுபவரின் அசைவுக்கு அது ஒரு நூலிழைகூட மிச்சம் வைக்காது. அதுவே 10 மில்லிமீட்டர் குரூப் போடும் ரைஃபிளாக இருந்தால், மோசமான குண்டுக்குக்கூடச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் மன்னிப்பு உண்டு. விலை உயர்ந்த ரைஃபிளில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது இந்த மன்னிப்பைத்தான். பழைய ரைஃபிள் ஏற்கெனவே 12, 13 மில்லிமீட்டரில் சுட்டுக்கொண்டிருந்தால், 6 லட்சத்துக்குக் கிடைப்பது ஓரிரண்டு மில்லிமீட்டர்; 20க்கு மேல் போய்க்கொண்டிருந்தால் உங்கள் மகள் இத்தனை நாள் ஒரு கையைக் கட்டிக்கொண்டு சுட்டிருக்கிறாள்.

எனவே முதலில் அளந்து பாருங்கள். மன்றத்தில் பூட்டுச் சாதனம் இல்லையென்றால், கை நிதானமுள்ள பயிற்சியாளர் ஒருவரை மணல் மூட்டையின் மேல் வைத்துத் தொலைநோக்கிக் கண்ணாடியுடன் சுடச் சொல்லுங்கள். பத்து பத்து குண்டாகக் குறைந்தது நான்கு குரூப். ஒரே குரூப்பைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஐந்து குண்டுக் குரூப்பை நம்பவே நம்பாதீர்கள், அது யாரை வேண்டுமானாலும் மகிழ்விக்கும். காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். கடற்காற்று வீசத் தொடங்கிய பிறகு, குறுக்கே நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் காற்று அடித்தாலே .22 குண்டு 50 மீட்டரில் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். அப்போது நீங்கள் ரைஃபிளை அளக்க மாட்டீர்கள், காற்றைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள்.

வடக்குக் கடற்கரைச் சாலை

இவ்வளவு விலை எதற்கு? இஷாப்பூர் தொழிற்சாலையின் .315 ஸ்போர்ட்டிங் ரைஃபிள் இருக்கிறதே, நம் நாட்டுத் தயாரிப்பு, அதுவும் போல்ட் ரைஃபிள்தானே.

மூன்று நிலை

நண்பரே, அது வேறு வகை. பழைய லீ என்ஃபீல்டு ராணுவ ரைஃபிளின் வழியில் வந்த, பெரிய தோட்டாவைச் சுடும் துப்பாக்கி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற பேச்சே இல்லை. இங்கே கேள்வி .22 இலக்குப் போட்டியைப் பற்றியது, அந்தப் போட்டியில் .315ஐக் கொண்டுபோய் நிற்க முடியாது.

டூல்ரூம் ஓய்வு

கொடுங்கையூர் தம்பிக்கு வணக்கம். பெரம்பூர் ரயில்வே பணிமனையில் டூல்ரூமில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சுடுவது என் பொழுதுபோக்கு. அளப்பது என் தொழில். (குசாலே ரயில்வே டிக்கெட் பரிசோதகராக இருந்தவர் என்பதில் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

விலை எங்கே போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். .22 தோட்டா விளிம்பில் அடிபட்டு வெடிப்பது. பெரிய ரைஃபிள்காரர்களுக்கு, மற்ற நாடுகளில், கூட்டில் மருந்தைத் தாங்களே நிரப்பித் தங்கள் ரைஃபிளுக்கு ஏற்பத் தோட்டாவைத் திருத்திக்கொள்ளும் வழி உண்டு. நமக்கு அது கிடையாது. தொழிற்சாலை எதைக் கொடுக்கிறதோ அதைத்தான் சுட வேண்டும். தோட்டாவைத் திருத்த முடியாததால் துல்லியத்தின் சுமை முழுவதும் பேரல் என்னும் குழாயின் மேல் விழுகிறது. குண்டு வெறும் ஈயம். மெழுகு பூசிய மெத்தென்ற ஈயம். சேம்பரிலிருந்து (தோட்டா அமரும் அறை) பேரலின் வரிப்பள்ளத்துக்குள் அது நுழையும் இடம் கோணாமல் இருக்க வேண்டும், சேம்பரும் பேரலும் ஒரே அச்சில் இருக்க வேண்டும், பேரலின் உள்விட்டம் நெடுகிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும், கடைசியில் குண்டு வெளியேறும் வாய் சதுரமாக வெட்டப்பட்டிருக்க வேண்டும். லேத்தில் நின்றவர்களுக்குத் தெரியும்: ஒரு பட்டறை பத்தில் ஒன்பது தடவை சரியாகச் செய்வதற்கும் நூற்றில் நூறு தடவை சரியாகச் செய்வதற்கும் உள்ள விலை வித்தியாசம் இரு மடங்கல்ல, பல மடங்கு. ஜெர்மனியின் ஆன்ஷுட்ஸ் நிறுவனம் 1856இலிருந்து துப்பாக்கித் தொழிலில் இருக்கிறது. உயர்தர ரைஃபிளோடு தொழிற்சாலையில் சுட்ட சோதனை அட்டையையும் வைத்து அனுப்புவார்கள். வாங்குவதென்றால் அந்த அட்டையைக் கேட்டு வாங்குங்கள். எந்தத் தோட்டாவில் சுட்டது என்றும் பாருங்கள்.

இனி உங்கள் பழைய ரைஃபிளுக்கு வருகிறேன். அதன் பேரல் தேய்ந்திருக்கும் என்று நினைக்க அவசரப்பட வேண்டாம். ஈயக் குண்டு எஃகைத் தேய்ப்பது மிகமிக மெதுவாக. ஆனால் சேம்பரில் தோட்டாவின் பித்தளைக் கூடு முடியும் இடத்துக்குச் சற்று முன்னால், எரிந்த மருந்தின் கரியும், தோட்டாவின் பற்றவைப்பு மருந்தில் கலந்திருக்கும் கண்ணாடித் தூளும் சேர்ந்து கல்போல இறுகிய ஒரு வளையம் உருவாகும். மேல்வாரியாக எண்ணெய்த் துணியை இழுப்பவர்களுக்கு அது கண்ணில் படாது. எங்கள் அணியில் ஒரு பழைய ரைஃபிளை எல்லோரும் கழித்துக் கட்டிவிட்டார்கள். ஒருநாள் உள்நோக்கிக் கேமராவை விட்டுப் பார்த்தால், சேம்பருக்கு முன்னால் சுற்றிலும் கருத்த மேடு, தோசைக்கல்லின் ஓரத்தில் படியும் கரி போல. கரி கரைக்கும் திரவத்தை ஊற்றி ஊறவைத்து, வெண்கலத் தூரிகையால் மூன்று நாள் பொறுமையாக எடுத்தோம். நான்காம் நாள் அந்த ரைஃபிள் மற்றவற்றோடு சமமாகச் சுட்டது. அதோடு போல்ட்டுக்குள் இருக்கும் ஊசியின் சுருள்வில்லையும் மாற்றிப் பாருங்கள். வில் தளர்ந்தால் தோட்டாவின் மேல் விழும் அடி ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இராது, குண்டுகள் மேலும் கீழுமாகச் சிதறும்.

ஒரு எச்சரிக்கை. பல ஆண்டுகளுக்கு முன் நானே, வழிகாட்டிக் குழாய் இல்லாமல், அவசரத்தில் துப்புரவுக் கம்பியை வாய்ப்பக்கமிருந்து குத்தி ஒரு பேரலின் விளிம்பைக் கீறிவிட்டேன். கண்ணுக்குத் தெரியாத கீறல். குரூப் ஒன்றரை மடங்காகிவிட்டது. எத்தனை நாள் தூக்கம் வரவில்லை என்று என் மனைவியைக் கேட்டால்தான் தெரியும். சேம்பர் பக்கமிருந்துதான் கம்பி போக வேண்டும். பேரல், போல்ட் வேலைகளுக்கு நம் பேட்டை லேத்துக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவரிடம் போகாதீர்கள். உரிமம் பெற்ற ஆர்மரர், அதாவது துப்பாக்கி பழுது பார்ப்பவர்தான் தொட வேண்டும், சட்டமும் அதுதான்.

முன்பே வாங்கியவன்

ஐயா, நான் உங்களைப் போலவே ஒரு தந்தை. நான்கு ஆண்டுகளுக்கு முன் மகனுக்காக இதே தரத்தில் ஒரு ரைஃபிள் வாங்கினேன். அதில் என் அனுபவத்தை, நல்லதும் கெட்டதுமாக, சொல்கிறேன்.

நல்லது பேரலில் இல்லை, ஸ்டாக்கில் இருந்தது. என் மகன் உயரமானவன், கை நீளம். மன்றத்து மரக்கட்டை ஸ்டாக்கில் கன்னம் வைக்கும் பலகையை உயர்த்த வழியில்லை, தோளில் பதியும் பட் பிளேட்டை நீட்ட வழியில்லை. மூன்று நிலைக்கும் மூன்று விதமாக அமைக்க வேண்டியவற்றை ஒரே அமைப்பில் சமாளித்துக்கொண்டிருந்தான். அலுமினிய ஸ்டாக் வந்த இரண்டே வாரத்தில் மண்டியிட்ட நிலை தெளிந்துவிட்டது. பிறகுதான் தெரிந்தது, இந்த ஸ்டாக்கைத் தனியாகவும் வாங்கலாம். உங்கள் பழைய ரைஃபிள் ஆன்ஷுட்ஸ் 54 வகை ஆக்‌ஷன் (பேரலும் போல்ட்டும் பொருந்தும் உடற்பகுதி) என்றால் அதற்குப் பொருந்தும் ஸ்டாக்குகள் கிடைக்கும். முன்பே தெரிந்திருந்தால் செலவில் பெரும்பகுதி மிச்சமாகியிருக்கும். டிரிகர் பற்றிப் பலரும் பெருமையாகப் பேசுவார்கள். 100 கிராம் எடையில் விடுபடும் நல்ல டிரிகர் பழைய ரைஃபிள்களிலேயே உண்டு. சுத்தம் செய்து அமைத்தால் போதும்.

கெட்டது: மகன் இப்போது பெங்களூரில் வேலையில் இருக்கிறான். ரைஃபிள் எங்கள் பழைய வண்ணாரப்பேட்டை வீட்டில் இரும்புப் பெட்டிக்குள் தூங்குகிறது. கடல் பக்கத்து ஈரக்காற்றுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எண்ணெய் போட்டு, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை மாற்றிக்கொண்டிருக்கிறேன். தேர்தல் வந்தால் ஆயுதங்களைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். விளையாட்டு வீரர் என்று சான்றிதழ் காட்டி விலக்குக் கேட்க வேண்டும். விற்கலாமென்றால், உரிமமும் உள்ள, இதே போட்டியும் சுடுகிற ஒருவர் கிடைக்க வேண்டும். இது இருசக்கர வண்டி அல்ல, நினைத்ததும் விற்க.

உரிமத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். 21 நிறையாதவர்களுக்கு, 2016 ஆயுத விதிகளில் இளையோர் இலக்குச் சுடுநர் பிரிவில் வழி இருக்கிறது. சென்னைக்குள் வசிப்பவர்களுக்கு விண்ணப்பம் காவல் ஆணையரிடம். சுடுதளம் ஆவடியில் இருப்பதால் அங்கே போய் நிற்க வேண்டாம், வீட்டு முகவரிதான் கணக்கு. காவல் நிலைய விசாரணை முடிந்து கைக்கு வரும் வரை பொறுமை வேண்டும். உரிமம் கைக்கு வராமல் எந்த விற்பனையாளருக்கும் முழுப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். நான் கொடுத்தேன், ஏழு மாதம் அவருடைய தொலைபேசியைத்தான் சுட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்று நிலை

ஒரு கணக்கை மட்டும் சேர்க்கிறேன். வாரத்தில் மூன்று நாள் என்றால் அவள் ஆண்டுக்கு எவ்வளவு சுடுகிறாள்?

கொடுங்கையூர் தந்தை

ஏறத்தாழ 10,000 தோட்டா, சகோதரி. நாங்கள் வாங்கும் தோட்டா ஒன்று 20 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 2 லட்சம்.

மூன்று நிலை

அப்படியென்றால் அந்த ரைஃபிளின் விலை மூன்று ஆண்டுத் தோட்டா. வாங்கிய பிறகு பணம் போதாமல் சுடுவது பாதியாகக் குறையும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடிப் பேழையில் வைத்ததுபோல ரைஃபிள் பளபளக்கும், புள்ளி இறங்கும்.

தோட்டா என்றதும் லாட் எண்ணையும் (ஒரே தொகுதியாகத் தயாரானவற்றுக்கு இடும் எண்) சொல்ல வேண்டும். ஒரே நிறுவனம், ஒரே பெயர், ஒரே விலை. ஆனால் பெட்டியில் அச்சிட்ட லாட் எண் மாறினால் உங்கள் பேரலில் குரூப் மாறும். இதற்காகவே ஜெர்மனியில் ஷோனபெக் நகரில் தோட்டா தயாரிக்கும் லாப்புவா நிறுவனம் ஒரு சோதனைக்கூடம் வைத்திருக்கிறது. வீரர்கள் ரைஃபிளைக் கொண்டுபோய்ப் பல லாட்களைச் சுட்டுப் பார்த்துத் தங்களுக்குப் பொருந்துவதை மொத்தமாக வாங்கி வருவார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. மன்றத்தில் இருக்கும் வெவ்வேறு லாட்களிலிருந்து ஒவ்வொரு பெட்டி கடன் வாங்கி, சுத்தம் செய்த ரைஃபிளில் சுட்டுப் பாருங்கள். கரியை எடுத்த பிறகு முதல் சில பத்து குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பேரலில் மெழுகு மறுபடி படிய வேண்டும்.

கொடுங்கையூர் தந்தை

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்தருளவும். நீங்கள் சொன்னபடியே செய்தோம். பயிற்சியாளர் மணல் மூட்டை மேல் வைத்து, காலை ஏழு மணிக்குச் சுட்டார். சுத்தம் செய்வதற்கு முன் நான்கு குரூப்: 21, 23, 19, 24 மில்லிமீட்டர். அவருக்கே முகம் மாறிவிட்டது. ஆர்மரர் வந்து சேம்பரைப் பார்த்தார். டூல்ரூம் அண்ணன் சொன்ன அதே கரி வளையம். அதை எடுத்து, ஊசி வில்லை மாற்றிய பின் 17, 16, 18, 15. அதற்குப் பின் மூன்று லாட்களைச் சோதித்ததில், விலை குறைவாக இருந்த ஒன்று 13, 12, 14, 13 என்று வந்தது. விலை கூடிய லாட் ஒன்று 18க்குக் கீழே இறங்கவே இல்லை என்பதை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. அந்த 13 மில்லிமீட்டர் லாட்டில் மன்றத்தில் எஞ்சியிருந்ததை மூன்று குடும்பமாகச் சேர்ந்து வாங்கிக்கொண்டோம்.

சென்ற ஞாயிறு பயிற்சிப் போட்டியில் படுத்த நிலை 196, மண்டியிட்ட நிலை 190. நின்ற நிலை 177, முன்பைவிட ஒன்று குறைவு. அதைச் சொன்னால் மகள் என்னை முறைக்கிறாள். விற்பனையாளரிடம் இந்த ஆண்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உரிமத்துக்கு மட்டும் விண்ணப்பித்து வைத்திருக்கிறோம். வரும்போது வரட்டும், அப்போது ஸ்டாக்கா ரைஃபிளா என்று பார்த்துக்கொள்ளலாம்.

டூல்ரூம் அண்ணனுக்கு ஒரு வேண்டுகோள். மன்றத்து ஸ்டாக்கில் பட் பிளேட் அவளுக்கு ஒரு விரல் குட்டையாக இருக்கிறது. நடுவே வைக்க 8 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு அலுமினியத் தகடு வேண்டும். பயிற்சியாளர் அனுமதி கொடுத்துவிட்டார். ஆனால் ரைஃபிள் மன்றத்தின் உரிமத்தில் இருப்பதால் வெளியே கொண்டுவர முடியாது.

டூல்ரூம் ஓய்வு

ரைஃபிள் வர வேண்டாம் தம்பி, பட் பிளேட்டும் வர வேண்டாம். திருகுத் துளைகளின் மையத்துக்கு மையம் உள்ள தூரத்தையும் துளையின் விட்டத்தையும் வெர்னியரில் மூன்று தடவை அளந்து, மூன்றையும் எழுதி அனுப்புங்கள். பட் பிளேட்டின் வெளி வடிவத்தை ஒரு அட்டையில் பென்சிலால் வரைந்து கொண்டுவாருங்கள். 8 மில்லிமீட்டரில் ஒன்றும், பின்னால் தேவைப்பட்டால் சேர்த்துக்கொள்ள 4 மில்லிமீட்டரில் ஒன்றுமாக வெட்டித் தருகிறேன். திருகுகள் அதே அளவுக்கு நீளமாக வேண்டியிருக்கும், பழையதில் ஒன்றை மட்டும் மாதிரிக்குக் கொண்டுவர மறக்க வேண்டாம்.